மழைக்காகப் போட்ட ஹெல்மெட்

கோவிலின் பங்கு மடலுக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி எங்கள் அன்பிய ஜெபக் குழுவில் கேட்டபோது மூன்று மாதம் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். கை வலிக்கிறது என்றேன். என் எழுத்து கோணல் என்றேன். "ஒங்க கத எல்லாவனுக்கும் தெரியும். அத அப்படியே எழுதித் தாங்க" என்றார்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல். எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. இன்று ஆண்டவருக்கு முன்பாகவும், இதை வாசிக்கிற உங்களுக்கு முன்பாகவும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் பெயர் சூசை. வயது ஐம்பத்து நான்கு. முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். முழங்கால் ஒத்துழைத்தவரைக்கும் கடலுக்குப் போனேன். அதற்குப் பிறகு கருவாட்டு வியாபாரம். புதனும் சனியும் பைக்கின் பின்னால் இரண்டு சாக்கைக் கட்டிக்கொண்டு குலசேகரம், திற்பரப்புப் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவி செலின் ஏழு வருடமாக மஸ்கட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் லீவு. வீட்டில் நான் ஒருவன். ஒருவன் மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் என்ன சத்தம் கேட்கும் என்பது அப்படி இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

காலை ஏழு மணிக்கு செலின் வீடியோவில் கூப்பிடுவாள். போன லீவு முடிந்து போகும்போது அவளே ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தாடை வரைக்கும் மூடுகிற பெரிய ஹெல்மெட். வியாபாரத்துக்குப் போகிற நாளெல்லாம் அதைத் தலையில் மாட்டி அவளுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது.

"க்ளிப்ப மாட்டுங்க. சத்தம் கேக்கட்டு" என்பாள்.

'டக்' என்று மாட்டுவேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். "செரி, போயிட்டு வாங்க" என்று போனை வைப்பாள். நான் வண்டியை எடுத்து, கோவில் திருப்பம் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிடுவேன். ஒருநாள் இருநாள் இல்லை, இரண்டு வருடம். வேர்க்கிறது, காது அடைக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். அலையோடு மல்லுக்கு நின்றவனுக்கு ரோடு ஒரு விஷயமா என்ற திமிரும் உண்டு. திரும்பி வரும்போது அந்த ஹெல்மெட்டுக்குள் தக்காளியும் முருங்கைக்காயும் போட்டுக்கொண்டு வருவேன். அதற்குத்தான் அது நன்றாக உதவியது.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. விடிந்ததிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. கருவாட்டில் ஈரம் பட்டால் தீர்ந்தது கதை. செலினுக்கு அன்று காலையில் வேலை அதிகமாம், கூப்பிட மாட்டேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். நான் சாக்குகளைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை முழுவதும் சொன்னேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான். மழை நிற்க வேண்டும். நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு சின்னக் காரியத்தைக்கூடச் செய்து தரமாட்டீரா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

முகத்தில் ஊசியாகக் குத்துகிற தூறலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் அன்று ஹெல்மெட்டைப் போட்டேன். கோவில் திருப்பம் தாண்டியும் கழற்றவில்லை. அது செலினுக்காக இல்லை, உயிருக்குப் பயந்தும் இல்லை. மழைக்காகப் போட்டேன். இதுதான் இத்தனை நாள் நான் ஊரில் யாரிடமும் சொல்லாதது.

திற்பரப்புக்குப் போகிற வழியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு இறக்கம் உண்டு. அங்கே வளைவில் மரத்திலிருந்து விழுந்த ஒரு பெரிய சக்கைப் பழம், பலாப்பழம்தான், ரோட்டின் நடுவில் உடைந்து கிடந்தது. பிரேக் பிடித்தேன். ஈரச் சருகில் பின் சக்கரம் வழுக்கியது. அதற்குப் பிறகு வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரோட்டுக்குக் கீழே இருந்த ஓடைக்குள் போய் விழுந்தேன். தலை ஒரு எல்லைக்கல்லில் மோதிய சத்தம் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கண் திறந்தபோது வலது தொடை என்னுடையதாகவே இல்லை. வலது தோளை அசைக்க முடியவில்லை. காலில் கிடந்த ரப்பர் செருப்பு எங்கே போனதோ, பாதத்தில் தோல் உரிந்து கிடந்தது. உள்ளங்கையும் அப்படித்தான். ஓடை ஆழமானது, மேலே ரோட்டில் போகிறவர்களுக்குக் கீழே ஆள் கிடப்பது தெரியாது. இரண்டு வண்டிகள் போன சத்தம் கேட்டது. கத்தினேன். நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் புல்லுக்குள் என் போன் அடித்தது. செலினுக்கு டீ குடிக்கிற நேரம், அவள்தான் என்று தெரிந்தது. நாலு எட்டு தூரம்தான் இருக்கும். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்து கிடந்திருக்கிறேன், அப்போதும் என்னோடு நான்கு பேர் இருந்தார்கள். அந்த ஓடையில் கிடந்ததுபோல ஒரு தனிமையை நான் என் வாழ்க்கையில் அறிந்ததில்லை. மழை அப்போதுதான் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆண்டவரே, ஒரே ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். மழைக்குச் சொன்ன மாதிரி நீளமாக எல்லாம் சொல்லவில்லை. இவ்வளவுதான்.

ஆள் வரவில்லை. காக்கா வந்தது. சாக்கு கிழிந்து நெத்திலிக் கருவாடு ஓடைக்கரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத கூட்டம். தலைக்கு மேலே ஒரே கரைச்சல். ஆளைக் கேட்டால் காக்காயை அனுப்புகிறீரே என்று மறுபடியும் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

அந்தக் காக்காய்ச் சத்தம் கேட்டுத்தான் அவள் வந்தாள். தங்கம் என்று பெயர். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடுகிற நாமம். மழை விட்டதும் காக்காய்கள் எதற்கு இப்படிக் கூடுகின்றன, ஏதாவது மாடு செத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வந்தவள், ஓடைக்குள் எட்டிப் பார்த்து, "அய்யா உண்டு! ஆளுல்லா கெடக்கு" என்று அலறினாள்.

கீழே இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, அனங்காதீங்க. தொப்பியக் கழத்தாண்டாம், அப்படியே கெடங்க" என்றாள். அவளுடைய போனில் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். மறுபடி தூறல் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் என் முகத்துக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு அவள் நனைந்தபடி நின்றாள்.

ஆஸ்பத்திரியில், "கூட ஆள் யாரு?" என்று கேட்டார்கள். கூட ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்றா சொல்வது? ஈரச் சேலையோடு பின்னால் நின்ற தங்கம், "நான்தான்" என்று சொல்லித் தாளில் கையெழுத்துப் போட்டாள். எங்கள் ஊர் ஆட்கள் வந்து சேரும் வரைக்கும் அவள் போகவில்லை.

தொடையில் கம்பி வைத்தார்கள். தோள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டார்கள். தலையில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் அந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் மேலிருந்து தாடை வரை வெடித்திருந்தது. "க்ளிப் மாட்டியிருந்ததால தலையில நின்னிருக்கு. இல்லன்னா விழும்போதே பறந்து போயிருக்கும்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு நான் வெகுநேரம் யோசித்தேன். மழைக்காக ஹெல்மெட் போடுகிறவன் க்ளிப்பை எதற்கு மாட்டப் போகிறான்? மாட்டியதாக எனக்கு நினைவே இல்லை. இரண்டு வருடம் போனுக்கு முன்னால் 'டக்' என்று மாட்டி மாட்டி, கை தானாகவே மாட்டியிருக்கிறது. என் ஏமாற்று வேலையையும்கூட ஆண்டவர் வீணாக்கவில்லை.

செலினுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஐந்து மாதம் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், அவர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ஆனால் வந்தவர்கள் போய்விடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு, தெருவில் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், அலமாரி மேலே வெடித்துப்போன ஹெல்மெட் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்கிடையில் செலின் மஸ்கட்டில் ஒரு ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டாள். கிளம்புகிற காலையெல்லாம் ஹெல்மெட்டைக் காட்டச் சொல்லிப் புருஷனைக் காப்பாற்றிய மனைவி. யாரோ அதைப் பதிவு செய்து அனுப்ப, அது எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவுக்கும் வந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "மக்கா, செலின் சொன்னதக் கேட்டதுனால நீ தப்பிச்ச" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வராது.

நவம்பரில் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். அன்று மாலை செலினிடம் சொன்னேன். அவள் அழுதாள். "நான் தூரத்துல கெடந்தாலும் எனக்க வார்த்தைய நீங்க கேட்டியளே. அது போதும். இந்த ஏழு வருசமும் நான் ஒங்ககூடத்தான் இருந்திருக்கேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கோவில் திருப்பம், கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட், தக்காளி, மழை, எல்லாம்.

"அப்போ ரெண்டு வருசமா நான் ஆரப் பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். போன் அணைந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள், மருந்து சாப்பிட்டியளா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். புது ஹெல்மெட் வாங்கினேன். ஒரு முறை பலமாக அடி வாங்கியதை மறுபடி போடக் கூடாதாம். ஷூ வாங்கினேன். முழங்கையும் தோளும் தடித்த ஒரு ஜாக்கெட், கைக்கு உறை. கண்ணாடியில் பார்த்தால் சர்க்கஸில் கிணற்றுக்குள் பைக் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தேன். சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. புதன்கிழமை காலையில் முற்றத்தில் நின்று க்ளிப்பை மாட்டினேன். 'டக்' என்றது. அதைக் கேட்க யாரும் இல்லை. அன்று கோவில் திருப்பம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். கால் சரியாகிவிட்டது ஆண்டவரே, அவள் என்னை மறுபடியும் நம்ப வேண்டும் என்று கேட்டேன். அது ஒன்றைத்தான் கேட்டேன், தினமும் கேட்டேன்.

அப்படி மூன்று வாரம் போனது. நாலாவது வாரம் ஒரு சனிக்கிழமை. வண்டியில் ஏறப் போகும்போது போன் அடித்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

"ஹெல்மெட் போட்டியளா?"

"போட்டாச்சு."

காட்டுங்க என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். க்ளிப் சத்தம் கேட்கட்டும் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"செரி. போயிட்டு வாங்க" என்றாள்.

சகோதர சகோதரிகளே, ஓடையிலிருந்து என்னைத் தூக்கியதைவிட இதுதான் ஆண்டவர் எனக்குச் செய்த பெரிய காரியம். மழையை நிறுத்தாததற்காகவும் அவருக்கு நன்றி சொல்கிறேன். இப்போது சனிக்கிழமைகளில் தங்கத்தின் வீட்டுக்குக் கொஞ்சம் நெத்திலி கொடுத்துவிட்டுத்தான் வருவேன். "அய்யா காப்பாத்துனாரு" என்பாள் அவள். ஆண்டவர் என்பேன் நான். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது கோவில் முற்றத்தில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கண்ணாடி ஹெல்மெட் தொங்குகிறது. அவற்றில் எத்தனை, கோவில் திருப்பம் தாண்டிய பிறகும் அப்படியே தொங்கும் என்று எனக்குத் தெரியும், நான் அந்த வித்தையில் கைதேர்ந்தவன். ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அவர் கேட்கிறார். ஹெல்மெட்டையும் போட்டு, க்ளிப்பையும் மாட்டுங்கள். எவ்வளவு தனியாக இருந்தாலும் மாட்டுங்கள். உங்களுக்காக எங்கேயோ ஒருத்தி டீயை ஆறவிட்டுவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பாள்.

ஏப்ரலில் செலின் லீவில் வருகிறாள். பின்னால் உட்காருகிறவளுக்கும் ஒரு ஹெல்மெட் வேண்டும் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் தலை அளவு என்ன என்று கேட்டார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவன், பதில் தெரியாமல் நின்றேன். அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். ஒரு நூலால் தலையைச் சுற்றி அளந்து சொன்னாள். வாங்கிவந்து அலமாரி மேல், வெடித்துப்போன பழைய ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.