அரிசி விஸ்கியும் கேன்டீன் மாஸ்டரும்

கும்மிடிப்பூண்டியில் நான் ஸ்டோர் பார்த்த கம்பெனியின் கேன்டீன் மாஸ்டர் எப்போதும் களைத்தே இருப்பார். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்த பிறகுதான் நம் முகத்தையே பார்ப்பார்.

ஊர் திரும்பவிருந்த ஜப்பான் மேனேஜர் ஒரு மதியம் எங்களை விருந்துக்கு அழைத்தார். அவர் திறந்தது, ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் பல வருஷம் வைத்த அரிசி விஸ்கி. அரிசி என்றால் மாஸ்டர்தான் சொல்லவேண்டும் என்று முதல் கிளாஸை அவரிடம் நீட்டினார்.

ஒரு மடக்கு குடித்த மாஸ்டர், "சூப்பர் சார்" என்றார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்த பிறகு என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா வாசனை வருது, சொல்லு நைனா."

"குடிச்சது நீங்க, கேள்வி என்கிட்டயா மாஸ்டர்?"

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து மூக்கு செத்துப்போச்சுப்பா. வெறும் எரிச்சல்தான் தெரிஞ்சுது. வெளிய தெரிஞ்சா வேலை பூடும்."

என் கிளாஸை மோந்து பார்த்தேன். "காஞ்ச திராட்சை. கொஞ்சம் வெல்லப்பாகு. அடியில ஈர மரம்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சோறு?"

"கடைசில லேசா வருது மாஸ்டர்."

"நாளைக்கு சாம்பாரையும் இதே மாரி வந்து சொல்லிடு."

அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை தினமும் பதினோரு மணிக்குப் போய்ச் சொன்னேன். இப்போது யாரை நம்பிக் கேட்கிறாரோ, தெரியவில்லை.