நாலு ஏழுக்கு வந்த ஒரு ரிங்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி ஏழு நிமிடம். மகளிடமிருந்து தவறிய அழைப்பு, ஒன்று. என் கைபேசியில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. அந்த நிமிடத்தில் நான் போடியில் என் வீட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, எங்கோ வெளிநாட்டில் ஒரு சீஸ் கிடங்குக்குள் செத்துக் கிடந்த மேயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பும் தொடர் அது. கடலோரத்தில் அழகான சின்ன ஊர். அங்கே ரொட்டிக்கடை நடத்தும் ஓர் அம்மாள்தான் துப்புத் துலக்குவாள். வாரத்துக்கு ஒரு கொலை. யாரும் அழ மாட்டார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேக் தின்பார்கள், போலீஸ்காரன் வெண்ணெயில் வழுக்கி விழுவான். நானும் என் மகளும் அதற்கு அடிமை. கொலைகாரன் யாரென்று இடைவேளைக்குள் சொல்ல வேண்டும். தோற்றவர் இரவுப் பாத்திரம் கழுவ வேண்டும். இருபத்துநாலு வருடமாகப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான்தான் பெரும்பாலும் கழுவுவேன்.

மேயர் கதை இரண்டு பாகம். முதல் பாகம் முந்தின ஞாயிறே முடிந்திருந்தது.

போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. காய் எடுக்கிற ஞாயிறுகளில் நான்தான் ஜீப்பில் பெண்களோடு ஏறிப்போய் மேற்பார்வை பார்ப்பேன். அன்று காலை முழங்கால் வலிக்கிறது என்றேன். வலித்தது உண்மை. போக முடியாத அளவுக்கு வலிக்கவில்லை என்பதும் உண்மை. இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.

"நான் போறேன்ப்பா, சும்மாதான இருக்கேன்" என்றாள் மகள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த நேரம். கிளம்பும்போது வாசலில் திரும்பி, "எப்பா, மேயரைக் கொன்னது யாருன்னு பாத்து வையி. என் கணக்குக்கு அந்தப் பாட்டு வாத்தியார்தான்" என்றாள்.

"வாத்தியார்னாலே ஒனக்குச் சந்தேகந்தான் ஆத்தா."

"வீட்லயே ஒண்ணப் பாக்குறேனே!"

அவள் சிரித்துக்கொண்டே போய் ஜீப்பில் ஏறினாள்.

மலைக்குப் போய்வரும் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. மேலே பல இடங்களில் பேசத் தொடங்கினாலே இணைப்பு அறுந்துவிடும். அதனால் பேசுவதில்லை. ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் 'ஜீப் ஏறிவிட்டேன்' என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, திருப்பியும் கூப்பிடக் கூடாது. உலை வைத்தால் போதும். என் மனைவி எனக்காக இப்படி எத்தனையோ ஞாயிறு உலை வைத்திருக்கிறாள்.

நான்கு ஏழுக்கு ஒரு ரிங் வந்தது. அறுந்தது. "பாப்பா ஜீப்பு ஏறிருச்சு" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தேன். வழக்கமாக ஜீப் கிளம்புவது நாலரைக்குத்தான். அந்த இருபத்துச் சொச்சம் நிமிடம் என் கண்ணில் படவில்லை.

நான்கு முப்பத்தொன்றுக்கு ஜீப் டிரைவர் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில் மட்டும் டவர் நன்றாகக் கிடைக்கும். அங்கே நிறுத்தி மூன்று தரம் ஹாரன் அடித்து ஆட்களைச் சேர்ப்பது அவர் பழக்கம்.

"அண்ணே, பொம்பளையாளுக எல்லாம் ஏறியாச்சு. பாப்பாவ மட்டும் காணோம். பின்னால வருதுங்கிறாக. ஹாரன் அடிச்சிட்டேன். நிக்கவா?"

திரையில் ரொட்டிக்கடை அம்மாள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தாள். அடுத்த வாக்கியத்தில் பெயர் வரப்போகிறது.

நான் கணக்குப் போட்டேன். நான்கு ஏழுக்கு ரிங் வந்தது. இந்த ஜீப்பில் அவள் இல்லை. ஆகவே வேறு ஜீப்பில் ஏறியிருக்கிறாள். கச்சிதமாகப் பொருந்தியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அது அப்பவே வேற ஜீப்புல ஏறிருச்சுப்பா. எனக்கு ரிங்கு வந்திருச்சு. நீ வெரசா கெளம்பு, மூட்டம் எறங்கப்போகுது."

"அப்படியா? சரிண்ணே."

கொலைகாரன் பாட்டு வாத்தியார்தான். முடிவுவரை பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

ஆறு மணிக்கு மகளை அழைத்துவர வண்டியை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். எங்கள் டிரைவர் முன்சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாப்பா வீட்டுக்கு வந்திருச்சாண்ணே?" என்றார். இல்லை என்றேன். அவர் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஜீப்புக்கும் ஓடினேன். முழங்கால் வலிக்கவே இல்லை. எந்த ஜீப்பிலும் அவள் இல்லை, அவள் எண்ணுக்கு அடித்தாலும் போகவில்லை. யாரும் அவளைப் பார்த்திருக்கவில்லை.

காய் எடுக்கப் போன பெண்களில் மூத்தவர் ஒருவர் இன்னும் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தார். "காய் வைக்கிற செட்டப் பூட்டிட்டு வர்றேன், நீங்க எறங்குங்கன்னு சொல்லுச்சுய்யா. நாங்க நிப்போம்னுதான் சொன்னோம். நீங்கதான ஏறிருச்சுன்னீக?" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. அவரும் டிரைவரும் ஜீப்பில் ஏறினார்கள். நானும் ஏறப் போனேன்.

"நீங்க இருங்கண்ணே" என்று டிரைவர் கையால் மறித்தார். "ஒருவேள வேற வழியா வந்தா ஒரு ஆள் வேணும்ல. போன மட்டும் கையில வச்சுக்கங்க. இந்தத் தடவ எடுத்துப் பேசுங்க."

தகவல் சொன்னதும் மனைவி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். என்ன நடந்தது என்று சொன்னேன், முழங்காலைத் தவிர. அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப டிவி ஓடிக்கிட்டிருந்துச்சா?" பதிலுக்குக் காத்திராமல் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் ஒருவர் தேவாரம் ஊர்ப்பக்கம் யானை இறங்கி வாழையை அழித்த கதையை ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்து அவரை அதட்டினார்: "யோவ், வேற சோலி இல்ல ஒனக்கு?"

ஏழு இருபதுக்கு என் கைபேசி அடித்தது. டிரைவர். ஒரு ரிங். எடுப்பதற்குள் அறுந்துவிட்டது.

ஒரு ரிங்குக்கு என்ன அர்த்தம் என்று அன்று மாலைவரை எனக்குத் தெரிந்திருந்தது. கிடைத்துவிட்டாளா? கிடைக்கவில்லையா? கிடைத்து, போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வந்தாரா? பதினொரு தரம் திருப்பிக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிச் சொன்னது. என்ன சொன்னார் என்று மனைவி பெஞ்சிலிருந்து பார்வையாலேயே கேட்டாள். தெரியவில்லை என்று கையை விரித்தேன். வீட்டுக்குள் ஒரு பிணம் கிடந்தால் அதைச் சுற்றி உட்கார்ந்து கேக் தின்ன முடியாது என்று எனக்கு அப்போது தோன்றியது. எவ்வளவு சாதாரணமான விஷயம். எத்தனை ஞாயிறுகள் அது தோன்றாமலே போயிருக்கிறது.

எட்டரைக்கு மலைப்பக்கமிருந்து ஜீப் வந்தது. பின்சீட்டில் அந்தப் பெரிய பெண்மணியின் மடியில் மகள் காலை நீட்டிப் படுத்திருந்தாள். வலது கணுக்கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. யாரோ ஒரு எஸ்டேட் வாட்சர் தன் துவர்த்துத் துண்டால் கட்டிவிட்டிருந்தார். செட்டைப் பூட்டிவிட்டுக் குறுக்குவழியில் இறங்கும்போது ஈரப்பாறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மூன்று மணிநேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கிறாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஹாரன் மூன்று தரமும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பிறகு ஜீப் கிளம்பிப் போன சத்தமும்.

மனைவி ஜீப்புக்குள் ஏறி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் கீழே கம்பியைப் பிடித்தபடி நின்றேன். யார் கொலைகாரன் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அதை அன்று கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. அந்தக் கட்டிய தொண்டையோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"விழுந்தவொடனே ஒனக்குத்தாம்ப்பா அடிச்சேன். ஒரு ரிங்குலயே கட்டாயிருச்சு, அப்பறம் போகவே இல்ல. நீ திருப்பிக் கூப்பிடுவன்னு நெனச்சேன்."