மூன்றாம் அங்கத்து நடை

நாடகக் குழுவில் அவருக்குப் பச்சோந்தி என்று பெயர். இருபது வயதில் கிழவனாக மேடையேறினார். ஐம்பதில் சினிமாவில் மாப்பிள்ளையின் தோழனாக வந்து சிரிக்க வைத்தார். நீதிபதி, திருடன், மந்திரி, ஒருமுறை ஆள் வராததால் நாயகியின் அத்தை. எந்த வேடமானாலும் முதலில் நடையைப் பிடிப்பார். நடை கிடைத்தால் வசனம் பின்னாலேயே வந்துவிடும் என்பார்.

ஊரே பேசியது ஒரு நாடகத்தின் மூன்றாம் அங்கத்தைத்தான். பக்கவாதம் வந்த அப்பா வேடம். இடது காலை விறைப்பாக இழுத்துக்கொண்டு வாசலிலிருந்து நாற்காலி வரை வருவார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அவர் மனைவி நர்ஸ். பக்கவாத வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். முதல் காட்சியன்றே சொல்லிவிட்டாள். "யாருங்க இப்படி நடக்கிறாங்க? அச்சு முறிஞ்ச வண்டி மாதிரி இருக்கு."

"கடைசி வரிசைக்குத் தெரியணுமே, சிஸ்டர்." வீட்டிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

எழுபது தாண்டியபின் அவருக்கே பக்கவாதம் வந்தது. அதே இடது பக்கம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. குளியலறையில் கைப்பிடி அடிக்க வைத்தாள், தினமும் அவர் காலை மடக்கி நீட்டினாள். ஒரு வருடத்தில் கைத்தடியோடு நடந்தார். ஆனால் யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. போன் அடித்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பழைய நாடகத்தை மறுபடி போடப்போவதாக ஓர் இளம் இயக்குநர் வீட்டுக்கு வந்தார். அன்று காலை நடிகர் இரண்டு முறை சவரம் செய்துகொண்டார்.

"அந்த நடையை ஒரு தடவை நடந்து காட்டுங்க சார்."

நடந்தார். இப்போதைய சொந்த நடை.

இயக்குநர் தாடையைத் தடவினார். "நல்லா இருக்கு சார். ஆனா கொஞ்சம் அடக்கமா இருக்கு. பழைய வீடியோவுல பார்த்தேனே, அந்த இழுப்பு..."

அந்த இழுப்புக்கு இடுப்பில் பலம் வேண்டும். முயன்றார். கால் மடங்கியது. அவள் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வரலை தம்பி. அது நல்லா இருக்கிறவன் நடக்கிற நடை. வேற ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு உட்காரப் போனார், அவள் பழக்கியபடியே. கெண்டைக்காலில் நாற்காலி இடிக்கும்வரை பின்னால் நகர்ந்தார். நல்ல கையால் நாற்காலியின் கையைத் துழாவிப் பிடித்து மெல்ல இறங்கினார். பிறகு இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல.

இயக்குநர் அந்தக் கையையே பார்த்தார். "எங்கப்பா கடைசி காலத்துல இப்படித்தான் உக்காருவார். இழுப்பெல்லாம் வேண்டாம் சார். இதே போதும். நீங்கதான் செய்யணும்."

"ஒத்திகை மத்தியானத்துக்குள்ள முடியணும்," என்றாள் அவள். "அப்புறம் அவருக்கு உடற்பயிற்சி இருக்கு."

முதல் நாள் நாடகத்தில், மூன்றாம் அங்கத்தில் வாசலிலிருந்து நாற்காலி வரை ஒரு கைதட்டல்கூட இல்லை. நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தவரின் முகம் வாடியிருந்தது.

"அந்த இடத்துல ஒருத்தர்கூடக் கை தட்டலையே, சிஸ்டர்?"

"ஒருத்தர் இருமக்கூட இல்லை. காலைத் தூக்குங்க, செருப்பைக் கழட்டணும்."