குளிப்பாட்டிய கை

சடலத்தின் நகங்களை வெட்டும்போது இடது பெருவிரலில் தொடங்கி வலது சுண்டுவிரலில் முடிப்பார் கலாராணி. பத்து நகங்களுக்குப் பத்து உறைகள். பொலித்தீனில் ஈரம் தங்கி நகத்தடியில் உள்ளது பழுதாகிவிடும் என்பதால் எப்போதும் கடதாசி உறைதான். ஒரு விரலுக்கு எடுத்த கத்தரியை அடுத்த விரலுக்கு எடுக்கமாட்டார். உறையை ஒட்டி, அரக்கு வைத்து, ஒட்டிய கோட்டின் குறுக்கே கையெழுத்திட்டு நேரத்தை எழுதுவார். கண்டியில் உள்ள ஒரு சட்ட வைத்தியப் பிரிவில் தடயவியல் நுட்பவியலாளராக 2008இல் சேர்ந்தவர். அவர் எழுதிய பதிவேடுகளில் வெட்டித் திருத்திய வரி ஒன்றுகூட இல்லை.

பிறந்தது மஹய்யாவயில், நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில். தந்தை நகரின் வீதிகளைக் கூட்டியவர். நியமனக் கடிதத்துடன் சென்ற முதல் நாள், அதிலிருந்த முகவரியைப் படித்த இலிகிதர் மீதியைப் படிக்காமலே கடிதத்தை மடித்துக் கொடுத்து, விளக்குமாறு அந்த மூலையில் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். கலாராணி அறையைக் கூட்டி முடித்தார். பிறகு அதே கடிதத்தை மீண்டும் நீட்டினார்.

2019 செப்டெம்பர் 17, செவ்வாய்க்கிழமை காலை, பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் உடல் வந்தது. பெயர் டிலானி. நகருக்கு மேலே மலைச்சரிவில் உள்ள ஒரு வீட்டில் பதினைந்து வயதிலிருந்து தங்கி வேலை செய்தவள். மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்று வீட்டு முதலாளி கூறியிருந்தார். மண்டையோட்டில் இருந்த காயம் விழுந்தாலும் ஏற்படும், தள்ளினாலும் ஏற்படும் என்றார் வைத்தியர். ஆனால், வலது கையின் மூன்று நகங்களுக்கடியில் வேறொருவரின் தோல் இருந்தது. அதை முதலில் கண்டவர் கலாராணி.

உடலை அடையாளம் காட்ட வந்த தாய், பாலம்மா, மஹய்யாவயைச் சேர்ந்த நகரத் துப்புரவுத் தொழிலாளி. கலாராணி அவரைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்திருக்கிறார், பேசியதில்லை. இருந்தும் வைத்தியரிடம் சென்று, இறந்தவர் தன் பகுதியைச் சேர்ந்தவர் என்று அறிவித்தார்.

"உறவா?"

"இல்லை சேர்."

"அப்படியென்றால் வேலையைப் பாருங்கள்."

நகங்கள் உறைகளுக்குள் சென்றன. உறைகள் அலுமாரிக்குள் சென்றன. நீதவானின் கட்டளையுடன் பொலிஸார் வந்து பொறுப்பேற்கும்வரை அவை அங்கேதான் இருக்க வேண்டும். சாவி கலாராணியின் பொறுப்பில் இருப்பதாகப் பதிவாகியது. பெண் சிற்றூழியர் அன்று விடுமுறை என்பதால், பரிசோதனை முடிந்தபின் உடலைக் கழுவி, தலைமுடியில் உறைந்திருந்த இரத்தத்தைக் களைந்து, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியவரும் அவரே.

மறுநாள் மதியம் பாலம்மா பிரிவின் வாசலில் வந்து நின்றார்.

"எம்புள்ளைக்குச் சட பின்னுனது யாரும்மா?"

"நான்தான்."

"அவள இன்னொருக்கா குளிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தையல் விட்டுருமாம். அப்ப நீ குளிப்பாட்டுனதுதான் கணக்கு. குளிப்பாட்டுன கை வாய்க்கரிசி போடணும் ராணி. நீ வரலன்னா எடுக்கமாட்டேன்."

உடன் வேலை செய்த ஸுமைரா, அலவத்துகொடையிலிருந்து வருபவர், கலாராணியை உள்ளே இழுத்தார்.

"கேஸ் முடியிற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க அக்கா."

"அந்தப் பக்கமா? நான் குடியிருக்கிறதே அந்தப் பக்கம்தான். செத்த வீட்டத் தாண்டாம என் வீட்டுக்குப் போக முடியாது."

"அப்ப கண்ண மூடிக்கிட்டுத் தாண்டுங்க!"

மாலை ஐந்து மணிக்கு அவர் மரண வீட்டினுள் இருந்தார். டிலானியின் அண்ணன் யுகேஷ் கட்டாரில் வேலை செய்தான்; விடுமுறை கிடைக்கவில்லை. அவன் பார்ப்பதற்காகப் பக்கத்து வீட்டார் ஒருவர் கைத்தொலைபேசியில் சடங்கு முழுவதையும் முகநூலில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார். கலாராணி அரிசியை மூன்று முறை வாயருகே இட்டார். பாலம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அந்த மொதலாளிய சும்மா விட்டுறாத ராணி! அவன விட்டுறாதடி!"

"விடமாட்டேன் அக்கா. அழாதீங்க. விடமாட்டேன்."

மரண வீட்டில் தாயொருத்தி கேட்டால் எவரும் சொல்லக்கூடிய பதில் அது. வெள்ளிக்கிழமை காலை 9.40க்குப் பத்து உறைகளும் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. நகத்தடியில் இருந்த தோல் முதலாளியுடையது என அறிக்கை வந்தது. வழக்கில் அதைத் தவிர வேறு வலுவான சான்று இல்லை.

விசாரணை மேல் நீதிமன்றத்துக்கு வர நாலரை ஆண்டுகள் ஆயின. 2024 மார்ச்சில் கலாராணி சாட்சிக்கூண்டில் ஏறினார். விசாரணை சிங்களத்தில் நடந்தது. மூன்றாவது வாங்கில் பாலம்மா அமர்ந்திருந்தார். கண்டி வீதிகளில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். சிங்களம் ஒரு சொல் விடாமல் விளங்கும்.

எதிரியான முதலாளியின் சட்டத்தரணி முதலில் மரண வீட்டு நேரலையின் காணொளியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை."

"உறவினர் செய்யும் சடங்கைச் செய்கிறீர்களே?"

"தாயார் கூப்பிட்டார். செய்தேன்."

"பதினாறு ஆண்டு சேவையில் எத்தனை சடலங்களுக்கு இப்படி அரிசி போட்டிருக்கிறீர்கள்?"

"ஒன்றுக்கு மட்டும்."

"அப்படியானால் அவள் உங்களுக்கு யார்?"

கலாராணி மூன்றாவது வாங்கைப் பார்க்கவில்லை. உறவு என்று ஒரு சொல் வாயிலிருந்து வந்தால் பத்து உறைகளும் குப்பைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

"யாருமில்லை."

சட்டத்தரணி தலையசைத்துவிட்டுக் காணொளியைச் சத்தத்துடன் ஓடவிட்டார். மொழிபெயர்ப்பாளர் 'விடமாட்டேன்' என்பதைச் சிங்களத்தில் இருமுறை உரக்கச் சொன்னார்.

"புதன்கிழமை மாலை இந்த வாக்குறுதியைக் கொடுத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைவரை அலுமாரிச் சாவி யாரிடம்?"

"என்னிடம்."

"பதிவேட்டில் உள்ளதா?"

"உள்ளது. நான்தான் எழுதினேன்."

"நல்ல கையெழுத்து. மிகவும் தெளிவாக இருக்கிறது."

"அரக்கு உடையவில்லை, ஐயா. எல்லா உறையிலும் முத்திரை இருந்தது."

"அரக்கும் முத்திரையும் யாரிடம் இருந்தன?"

"...என்னிடம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஜூலையில் தீர்ப்பு வந்தது. சான்றுப்பொருளைக் காவலில் வைத்திருந்தவர் எதிரியைத் தண்டிப்பதாக வாக்களித்தவர் என்பதால், நகங்கள் தொடர்பான சான்றில் தங்கியிருக்க முடியாது என்றார் நீதிபதி. காயம் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம். முதலாளி விடுவிக்கப்பட்டார். வெளியே வந்தவர், வாகனத்தில் ஏறுமுன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

கலாராணி படிக்கட்டில் பாலம்மாவை நெருங்கினார்.

"அக்கா, நான் வேணும்னு..."

"கேசு போனா போகட்டும். பணக்காரன் கேசு, எப்பிடியும் போயிருக்கும். நீ எப்பிடிடி அவள யாருமில்லன்னு சொன்ன? வாயில அரிசியப் போட்டுட்டு, அத்தன பேரு முன்னால எம்புள்ள யாருமில்லன்னு எப்பிடிச் சொன்ன?"

"அப்பிடிச் சொன்னாத்தான் கேசு நிக்கும்னு நெனச்சேன் அக்கா."

"நின்னுச்சா?"

பாலம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். ஒரே பேருந்தில்தான் இருவரும் மஹய்யாவ திரும்ப வேண்டும். கலாராணி நான்கு பேருந்துகளை விட்டுவிட்டு ஐந்தாவதில் ஏறினார்.

அலுவலக விசாரணை அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் சேர்ந்தது; அலுமாரிச் சாவி ஸுமைராவிடம் சென்றது. நகம் வெட்டும் வேலை இன்னும் கலாராணியிடமே உள்ளது. அவ்வளவு சுத்தமாக வெட்ட வேறு எவருமில்லை.

இவ்வாண்டு பெப்ரவரியில் புசல்லாவையிலிருந்து வீரய்யா என்ற தோட்டத் தொழிலாளி, விபத்தில் இறந்த மகனை அடையாளம் காட்ட வந்தார். படிவத்தை நீட்டிய கலாராணியின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்க தமிழ் ஆளுங்களா? எம்மவன் மொகத்த மட்டும் கொஞ்சம் தொடச்சி விடுறீங்களாம்மா? அவங்கம்மா பார்க்க வந்திருக்கா, வாசல்ல நிக்கிறா."

"மட்ட தெமள பே," என்றார் கலாராணி. தனக்குத் தமிழ் வராதாம். பெருவிரல் அடையாளம் வைக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் சுட்டிக் காட்டினார்.

ஸுமைரா எழுந்து வந்து முதியவரை அழைத்துச் சென்றார். வீரய்யா போகும்போது சொன்னது கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் தெளிவாகக் கேட்டது.

"பாவம், அந்தம்மாவுக்குப் பாஷ தெரியல. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பாங்க."

கலாராணி படிவத்தில் நேரத்தை எழுதினார்: மு.ப. 10.25.