கிணற்றுக்கும் ஒரு முறை

கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டார் பம்பு வெறும் காற்றை உறிஞ்சத் தொடங்கும். சளி கட்டிய தொண்டையோடு ஒருவர் விடாமல் இருமுவதைப் போல அது கரகரக்கும். அந்தச் சத்தம் கேட்ட மாலைகளில் என் அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே இருந்த அந்தக் கிணறு, அப்பாவும் அவருடைய இரண்டு அண்ணன்மாரும் ஒரு தம்பியும் சேர்ந்து அனுபவித்த "பங்காளிக் கிணறு". விடிந்ததிலிருந்து உச்சிவரை ஒருவருக்கு, உச்சியிலிருந்து இருட்டும்வரை இன்னொருவருக்கு என்று தண்ணீர் பாய்ச்ச "முறை" வைத்திருந்தார்கள். இரவெல்லாம் ஊறிய நீர் காலை முறைக்காரருக்குக் கிடைக்கும். மாலை முறைக்காரருக்கு மிச்சம்தான். நாலு பேருக்கு இரண்டே நாளில் ஒரு சுற்று முடிந்துவிடுவதால், காலை முறையை வாங்கிய பெரியப்பாக்கள் இருவருக்கும் என்றைக்கும் காலைதான், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் என்றைக்கும் மாலைதான். நான் எட்டாவது படித்த அந்தக் கோடையில் இந்தச் சண்டை முற்றி, மூத்த பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

என் அக்கா பழனாத்தா என்னைவிட ஒரு வயது மூத்தவள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு. அதை முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். டவுனுக்கு பஸ்ஸில் போய் ஒன்பதாவது படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வாத்தியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டும் அப்பா பார்க்கலாம் என்றே அனுப்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் அவள் என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் கரித்துண்டால் வரிசை வரிசையாகக் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"நாலு பேருக்கு அஞ்சு முறை வெச்சுப்போடலாம் தம்பி. அஞ்சாவது கிணத்துக்கு. அந்த முறைல யாரும் மோட்டார் போடக் கூடாது, அது பாட்டுக்கு ஊறோணும். அஞ்சுன்னு ஆயிட்டா இன்னிக்குக் காலைல எடுத்தவங்களுக்கு அடுத்த சுத்துல சாயங்காலம் வந்துரும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது.

"நீயே சொல்லிப்போடு. நாஞ் சொன்னா காது குடுக்க மாட்டாங்க" என்றாள்.

இது என் தப்பு ஆரம்பித்த இடம் அல்ல. அதுவரை நான் அவள் சொன்னதைத்தான் செய்தேன். நாலு பேரும் கிணற்றடியில் கூடியபோது, மனப்பாடமாக ஒப்பித்தேன். மூத்த பெரியப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "கிணத்துக்கே பங்கு குடுத்துப்போட்டானே, இவனாருடா இஞ்சினீரு?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். யோசனை எங்கள் வீட்டிலிருந்து வந்ததால் முதல் முறையை அப்பாவுக்கும், கடைசியைச் சித்தப்பாவுக்கும், அதற்குப் பின்னால் ஓய்வைக் கிணற்றுக்கும் வைத்தார்கள்.

அன்று மோர் குடிக்கும்போது அப்பா சொன்னார்: "மூளை பூரா பையனுக்குத்தான் வந்திருக்குது. இவனைக் கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல உட்டுப் படிக்க வெச்சுப்போடலாம். புள்ளை ஊட்லயே இருக்கட்டும்."

அக்கா மோர்ச் சட்டியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது அக்கா போட்ட கணக்குங்க" என்ற நாலு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அப்பா இருவரையும் படிக்க வைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையே ஒரு சாக்காக வைத்து இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பெரியவர்களின் சிரிப்பு எனக்கு இனித்தது, அவ்வளவுதான்.

ஆஸ்டலிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது சித்தப்பா வரப்பில் என்னை நிறுத்தினார். "ஏனுங்க இஞ்சினீரு, கிணறு ஓய்வெடுத்து எந்திரிச்சா நேரா உங்க காட்டுக்குத்தான் வருமாட்ட இருக்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கணக்கு சரிதானுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்குள் அக்கா இருந்தாள்; கேட்டிருக்கலாம். கேட்டால் கணக்கு யாருடையது என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே எங்கள் வீட்டுக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டேன் என்று நம்பியபடியே சித்தப்பா இறந்துபோனார்.

அக்காவை அவிநாசிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நான் பொறியியல் படித்து, ஊர் ஊராக வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்து, பதிமூன்று வயதில் கிணற்றுக்குப் பங்கு கொடுத்தவர் என்று மைக்கில் புகழ்ந்தார்கள். நான் எழுந்து, அது என் அக்காவின் கணக்கு, நான் திருடியது என்று சொன்னேன். கை தட்டினார்கள். "ஐயாவோட பணிவைப் பாருங்க, அக்கா மேல எவ்வளவு பாசம்" என்றார் விழா நடத்தியவர். மறுபடியும் சொன்னேன், இன்னும் பலமாகத் தட்டினார்கள். உண்மையைக்கூட எனக்கே லாபமாக மாற்றித் தரும் இந்த உலகத்தை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவிநாசிக்குப் போனேன். அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கீரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"போச்சாது, உடு சாமி. ஆனா அந்தக் கணக்குல ஒரு பிசகு இருந்துச்சு, தெரியுமா?"

"என்னங்கக்கா?"

"ஓய்வுக்கு அடுத்த முறை எப்பவும் நம்முளுக்கே வருதல்லோ. மொத ஆளைக் கடைசிக்கு மாத்தோணும். அதையும் சுத்துக்கு ஒருக்கா மாத்தக் கூடாது. மாத்தினா நம்முளுக்குக் காலையேதான் வந்துட்டு இருக்கும். ரெண்டு சுத்துக்கு ஒருக்கா மாத்துனா எல்லாருக்கும் எல்லாமும் வரும். நீ ஆஸ்டல் போன வாரமே கண்டுபுடிச்சுப்போட்டேன். லீவுக்கு வந்தா சொல்லலாம்னு இருந்தேன். நீ மோட்டார் ரூம் பக்கமே வரல."

வீட்டுக்கு வந்து காகிதம் எடுத்து, கட்டம் போட்டுச் சரிபார்த்தேன். அறுபது வருடம் அவள் மனதில் வைத்திருந்ததைச் சரி என்று தெரிந்துகொள்ள, படித்த எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவள் அதைக் கரியால் எழுதிய மோட்டார் ரூம் இன்று இல்லை. கிணற்றை மண் கொட்டி மூடி, அந்த இடத்தை "சைட்" போட்டு விற்றுவிட்டார்கள். நாலு பங்காளிகளில் யாரும் உயிரோடு இல்லை. கணக்கு முழுசாகிவிட்டது, அதன்படி தண்ணீர் பாய்ச்ச ஒரு முறைகூட மிச்சமில்லை.