பாய் கொடுத்த மாத்திரை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அப்பாவும் அவர் சிநேகிதர் பாயும் சாயம் போடும் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மூத்திரப்பையில் புற்றுநோயும் ஒன்றாகவே வந்தது. சாயத்தால் வந்ததா, பீடியால் வந்ததா என்று வேலூர் ஆஸ்பத்திரியில் யாரும் அடித்துச் சொல்லவில்லை. முற்றிப்போய்விட்டது என்பதை மட்டும் அடித்துச் சொன்னார்கள்.

கீமோ முடிந்ததும், புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம், சேர்கிறீர்களா என்றார்கள். புற்று செல்லை மட்டும் குறிபார்த்து அடிக்குமாம். ஆனால் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். தெரியாமல் எதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள்? இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் பாய் முகமெல்லாம் பரு. மருந்து உடம்பில் ஏறினால் அப்படி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா முகத்தில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனார்.

"எனக்கு சுண்ணாம்புதான் குடுத்துக்கிறாங்க."

பிறகு ஒருநாள் அப்பாவுக்கும் பரு வந்தது. சந்தோஷத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அந்த வாரமே பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருவரையும் பார்த்தபோது விஷயம் விளங்கியது. ஷாப்பில் ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்தே பழகியவர்கள். தினமும் தங்கள் பங்கு இரண்டு மாத்திரைகளில் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தாலும் கணக்கு இடிக்காது.

"இன்னாப்பா இது?"

"பாய்கிட்ட இருக்கிறது நெஜ மருந்தும்மா. அவரே குடுத்தாரு."

கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னால் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் பாயின் உடம்புக்குப் பாதி மருந்துதான் போகும். அந்தப் பாதியும் நின்றால் அப்பாவுக்கு எதுவுமே இல்லை. யாரிடம் கேட்பது?

அடுத்த ஸ்கேனில் அப்பாவுக்குக் கட்டி அப்படியே இருந்தது, பாய்க்கு வளர்ந்திருந்தது. இனிமேல் முழுசாக நீங்களே சாப்பிடுங்கள் மாமா என்று சொல்லிவிடுவதென்று பாய் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"வாம்மா. அப்பா வர்லன்னதும் பேஜாராப்போச்சு. மாத்திரைக்குத்தானே வந்தே?"

சீசாவைத் திறந்து, என் கையை இழுத்து உள்ளங்கையில் கொட்டினார். மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, அழுதபடியே பஸ் ஏறினேன்.