விழும்போது வலிக்குமா

போன வாரம் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் காற்சட்டை நனைந்துவிட்டது. மடியில் வைத்திருந்த பைக்குள் தண்ணீர்ப் போத்தலின் அடியில் எங்கோ ஒரு சிறு ஓட்டை. பக்கத்தில் இருந்த பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய பௌதிகவியல் ஆசிரியருக்கு இந்த மாதிரி மரியாதைகள் அவ்வப்போது கிடைக்கும். போத்தலை வெளியே எடுத்து ஓட்டையை விரலால் அடைத்தேன். அடைத்ததும் யோகேஸ் நினைவில் வந்துவிட்டான்.

உயர்தரம் படித்த நாட்களில் கண்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் டியூஷன் வகுப்பு நடந்தது. பின்னேரங்களில் சூடான பாண் வாசம் படியேறி வரும். அந்த நேரத்தில் எந்த விதியும் மண்டையில் ஏறாது. அங்கேதான் யோகேஸ் என் பக்கத்து வாங்கில் இருந்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வருவான்; அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா இல்லை. என் அப்பாவோ யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரச செயலகத்துக்கு, மாற்றலாகி வந்தவர். ஆமாம் என்பதற்கு நான் யாழ்ப்பாணத்து வழக்கில் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் யோகேஸ், "மந்திரம் சொல்லாதடா, பேசு" என்பான்.

எடை தெரியாமல் மிதக்கும் நிறையின்மைப் பாடம் எங்கள் இருவரையும் பாடாய்ப் படுத்தியது. விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஈர்ப்பு இல்லாட்டி நிலா எப்படிடா பூமியச் சுத்தும்? பிச்சிக்கிட்டுப் போயிருக்காதா?" என்றான் அவன்.

"அப்ப அவங்கள் ஏன் மிதக்கினம்?" என்று கேட்டேன்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, சுட்ட ஆணியால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தான். நான் கீழே நின்றேன். அவன் வெளிப்படிக்கட்டின் உச்சியில் நின்று போத்தலைப் பிடித்தான். ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. "இப்ப பாரு!" என்று கையை விட்டான்.

விழுந்துகொண்டிருந்த போத்தலிலிருந்து ஒரு துளிகூட வெளியே வரவில்லை. தரையில் மோதிய பிறகுதான் எல்லாம் சிதறியது, பெரும்பகுதி என் சப்பாத்தில். பேக்கரிக்காரர் வெளியே வந்து எங்கள் இருவரின் பரம்பரையையும் விசாரித்தார். நான் அதையெல்லாம் கவனிக்காமல், "திரும்ப விடு மச்சான்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் படியில் உட்கார்ந்து அவன் சொன்னதைத்தான் இன்றைக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். "பாரம்னு நமக்குத் தெரியுறது பூமி இழுக்குறது இல்லடா. தரை நம்மளத் தாங்குறது. தரையும் நம்மகூடச் சேந்து விழுந்தா பாரம் எங்க தெரியும்? இழுக்குறது மட்டும் அப்படியே இருக்கும். மேட்டுல பஸ் ஏறி எறங்குறப்ப கடைசி சீட்டுல வயிறு மேல வருமே, அது தான்." விண்வெளிக்காரர்களும் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள், பக்கவாட்டில் அத்தனை வேகமாகப் போவதால் பூமியைத் தொடாமல் அதைச் சுற்றியே விழுகிறார்கள், அவ்வளவுதான்.

பரீட்சைப் பெறுபேறு வந்தது. பௌதிகவியலில் அவன் என்னைவிட மேலே. ஆனால் இரசாயனவியல் அவனைக் கவிழ்த்துவிட்டது. நான் பல்கலைக்கழகம் போனேன். அவன் கொழும்பில் மாடிக் கட்டட வேலைக்குப் போனான். "ஒரு வருசம் தான்டா. காசு சேத்துக்கிட்டுத் திரும்ப எழுதுவேன்" என்றான். ஒரு நாள் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "மேல நின்னா கடல் தெரியுதுடா!" என்று சந்தோஷப்பட்டான். அதற்கு முன் அவன் கடலைப் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் அவன் நின்று பூச்சு வேலை செய்த பலகை முறிந்தது.

அவன் செத்தவீட்டில் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன். கருமாதி முடிந்த பிறகு ஒரு காலையில் தனியாக, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பிளேன்டீ ஊற்றித் தந்து, தொட்டுக்கொண்டு குடிக்கச் சீனியும் கையில் தந்தார். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க அவன்கூடப் படிச்சவங்க, தெரியும் தானே தம்பி. விழறப்ப புள்ளைக்கு வலிச்சிருக்குமா?"

நான் படித்த பௌதிகவியல் முழுவதையும் நம்பி என்னிடம் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

"இல்லை அம்மா. விழேக்க வலி இல்லை. உடம்பின்ர பாரமே தெரியாது."

"பாரமே தெரியாதா?"

"தெரியாது. பஸ் மேட்டில இருந்து இறங்கேக்க வயிறு ஒருக்கா மேல வருமெல்லோ, அப்படித்தான்."

அவருக்கு அது உடனே விளங்கியது. வாழ்நாள் முழுக்க அதே பஸ்ஸில் போய் வந்தவர். மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு, "பயந்திருப்பானா?" என்றார்.

தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடிங்க, ஆறிப்போகுது" என்றார்.

அதன்பின் நான் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டுவார். "இவரு யோகேஸோட படிச்சவரு. விழறப்ப ஒண்ணும் தெரியாது, பாரமே இருக்காதுன்னு இவரு தான் சொன்னாரு." அந்தப் பெண்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் பாதிக்குத்தான் பதில் சொன்னேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட துணிக்கடை; படிக்கட்டை எப்போதோ உடைத்துவிட்டார்கள். லயத்தின் அந்தப் பக்கத்து அறைகள் காலியாகி, கூரைத் தகரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளோடு டவுனுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். யோகேஸின் அம்மாவும் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். யோகேஸுக்கு வலிக்கவில்லை என்று சொல்வதற்கு அந்தத் தோட்டத்தில் இனி ஒருவரும் இல்லை.